சான்று கேட்பது நம் மார்க்கம்: 'மருந்தில்லா மருத்துவ' உரைகளும் நம் குடும்பங்களும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

ஒரு ஹதீஸை நம்மிடம் யாரேனும் சொன்னால் உடனே நாம் கேட்பது, "இது எந்த நூலில் இருக்கிறது? அறிவிப்பாளர் யார்? தரம் என்ன?" என்பதுதான். நம் மத்ரஸாக்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றிருக்கிறது. ஆனால் அதே வீட்டில், அதே கைப்பேசியில், "சர்க்கரை ஒரு நோயே அல்ல, மாத்திரையை நிறுத்துங்கள்" என்று ஒருவர் இரண்டு மணி நேரம் பேசினால், அவர் யார், எங்கே படித்தார், இதை எவ்வாறு அறிந்தார் என்று எவரும் கேட்பதில்லை. தீனில் சனது கேட்கும் சமுதாயம், உயிர் விஷயத்தில் சனது கேட்க மறந்துவிட்டது. இக்கட்டுரை அந்த மறதியைப் பற்றியது.

குன்றத்தூரிலிருந்து ஒரகடம் வரையிலும், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை வரையிலும் பரந்து கிடக்கும் தொழிற்சாலைப் பகுதியில் வாழும் நம் குடும்பங்களின் நிலை நாம் அறிந்ததே. கணவர் இரவு ஷிப்டு. கம்பெனி பேருந்தில் போகவர இரண்டு மணி நேரம். நேரத்துக்கு உணவில்லை, உறக்கமில்லை. முப்பத்தைந்து வயதிலேயே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வந்துவிடுகின்றன. ஊரிலிருந்து பெயர்ந்து வந்தவர்கள் ஆதலால் பக்கத்தில் உம்மா இல்லை, மாமி இல்லை. கர்ப்பிணிப் பெண்ணுக்கு யோசனை சொல்லப் பெரியவர் எவரும் இல்லை. இருப்பது கைப்பேசி ஒன்றே. பேருந்து ஜன்னலோரத்திலும் சமையலறைத் திட்டிலும் அது ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. தனிமையில் இருப்பவர்களுக்கு அன்பாகப் பேசும் குரல் பெரிய ஆறுதல்தான். ஆயினும் அன்பான குரலெல்லாம் உண்மையான குரல் ஆகிவிடாது.

எடுத்துக்காட்டாக ஒரு குரல்

தமிழ்நாட்டில் இவ்வகை உரைகளுக்குப் பெரும் பெயர் பெற்றவர் கோவையைச் சேர்ந்த ஹீலர் பாஸ்கர். 'அனாட்டமிக் தெரபி' என்றும் 'செவிவழி தொடு சிகிச்சை' என்றும் அவர் தம் முறைக்குப் பெயரிட்டார். மருந்து வேண்டா, பரிசோதனை வேண்டா. தம் பேச்சைக் கேட்டு அதன்படி நடந்தாலே எல்லா நோய்களையும் அவரவரே குணப்படுத்திக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். குறுந்தகடுகளாகவும் பின்னர் யூடியூப் காணொளிகளாகவும் அந்த உரைகள் தமிழ் பேசும் ஊர்களிலெல்லாம் பரவின. நம் மஹல்லா வீடுகளும் அதற்கு விலக்கல்ல.

2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் இளம் ஆசிரியை, காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கத் துணிந்து, நஞ்சுக்கொடி முறையாக வெளிவராமல் இரத்தப்போக்கினால் உயிரிழந்தார். குழந்தை பிழைத்தது. தமிழகமே அதிர்ந்து நின்ற அந்த நாட்களில்தான், வீட்டிலேயே சுகப்பிரசவம் செய்துகொள்வதற்கு இலவசப் பயிற்சி என்று கோவையில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. அது தொடர்பாக ஆகஸ்ட் தொடக்கத்தில் ஹீலர் பாஸ்கர் கைது செய்யப்பட்டார். 2020 மார்ச்சில், கொரோனா ஒரு சதி என்ற பொருளில் பரவிய குரல் பதிவு ஒன்றின் பேரில் மீண்டும் கைதானார். கைது என்பது குற்றம் நிரூபணமானதற்குச் சமமாகாது; திருப்பூர் மரணத்தை அவர் தலையில் சுமத்துவதும் நீதியாகாது. அவரைத் தண்டிப்பது நம் வேலை அல்ல. அவர் சொன்னவை உண்மையா என்று பார்ப்பதே நம் வேலை. மனிதரை விட்டுக் கருத்தை எடுத்துக்கொள்வோம்.

நல்ல சர்க்கரை, கெட்ட சர்க்கரை

அந்த உரைகளில் பெரிதும் பரவிய ஒரு விளக்கம் இது: உணவை நன்றாக மென்று உண்டால் அது நல்ல சர்க்கரையாக இரத்தத்தில் கலக்கும், சரியாக மெல்லாமல், செரிக்காமல் போனால் கெட்ட சர்க்கரையாகக் கலக்கும். கணையம் நல்ல சர்க்கரைக்கு மட்டுமே இன்சுலின் தரும்; கெட்டதற்குத் தராது. எனவே கெட்ட சர்க்கரை சிறுநீரில் வெளியேறுகிறது. இது நோயல்ல, உடல் தன்னைத் தூய்மை செய்துகொள்ளும் முறை. மாத்திரையும் ஊசியும் இந்தத் தூய்மையைத் தடுக்கின்றன.

கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! மென்று உண்பதும் நல்ல பழக்கமே. ஆனால் ஒவ்வொரு படியாக நிறுத்திப் பார்த்தால் எந்தப் படியும் நிற்பதில்லை.

சோறும் சப்பாத்தியும் மாவுப்பொருள். மாவுப்பொருள் என்பது குளுக்கோஸ் துகள்கள் மணிகளாகக் கோக்கப்பட்ட நீண்ட மாலை. உமிழ்நீர் அந்த மாலையை அறுக்கத் தொடங்குகிறது. ஆயினும் வேலையின் பெரும்பகுதி சிறுகுடலில் கணையச் சாறு முதலியவற்றால் நடக்கிறது. முழுவதும் அறுந்து தனி மணியான பின்னரே குடற்சுவர் அதை இரத்தத்துக்குள் விடுகிறது. அறுபடாத துண்டு இரத்தத்தில் நுழைவதில்லை, பெருங்குடலுக்குப் போய்விடுகிறது. ஆகவே மெல்லாமல் தின்றவரின் இரத்தத்தில் இருப்பதும், முப்பது முறை மென்றவரின் இரத்தத்தில் இருப்பதும் ஒரே குளுக்கோஸ்தான்: 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். இரத்தத்தில் கெட்ட குளுக்கோஸ் என்று ஒன்று இல்லவே இல்லை.

இன்னும் எளிய சான்று வேண்டுமா? மயங்கிக் கிடக்கும் நோயாளிக்கு நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். அதை எவரும் மெல்லவில்லை. அது வயிற்றுக்கே போகவில்லை. அந்தக் கொள்கைப்படி அது மிகக் கெட்ட சர்க்கரையாக இருக்க வேண்டும். உடலோ அதை உடனே எடுத்துக்கொள்கிறது. கணையமும் அதற்கு இன்சுலின் சுரக்கிறது.

கணையம் தர மறுக்கிறது என்பதும் பொருந்தாது. இரத்தத்தில் உள்ள இன்சுலினை அளந்து பார்க்க முடியும். பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவின் தொடக்கத்தில் இன்சுலின் பல நேரங்களில் வழக்கத்துக்குக் குறையாமலும், சிலரிடம் மிகுதியாகவுமே இருக்கிறது. கணையம் கொடுக்கிறது; உடலின் செல்கள்தாம் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. காலப்போக்கில் கணையமும் களைத்துப்போகிறது. பிள்ளைகளுக்கு அதிகம் வரும் முதல் வகையிலோ, இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது. அழிந்துபோனது எப்படித் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும், மறுக்கும்?

சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவது தூய்மையும் அன்று. சிறுநீரகம் வடிகட்டிய குளுக்கோஸை உடலுக்கே திருப்பி அனுப்புகிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் முழுவதையும் திருப்ப முடியாமல் மிச்சம் வழிகிறது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி மதகு திறக்கப்படும்போது வருவது கெட்ட தண்ணீர் என்று எவரேனும் சொல்வோமா? கொள்ளளவு மீறிய அதே தண்ணீர்தான் அது.

எல்லாவற்றுக்கும் மேலான சான்று வரலாற்றில் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு வரை முதல் வகை நீரிழிவு கண்ட பிள்ளைகள் உருகி உருகி இறந்தார்கள். 1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. மரணத்தின் விளிம்பில் கிடந்த அவன் எழுந்தான். அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். மருந்து வேண்டா என்று சொல்பவர் அந்தச் சிறுவனின் கட்டிலருகே நின்று எதைச் சொல்லியிருப்பார்? "நன்றாக மென்று சாப்பிடு" என்றா?

இவ்வாறான பேச்சைக் கேட்டு ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் அன்றே விழுந்துவிடமாட்டார். அதுவே இதன் ஆபத்து. சில வாரங்கள் நன்றாகவே இருப்பதுபோல் தோன்றும். அந்த வாரங்களில் அவர் பத்துப் பேருக்கு அந்தக் காணொளியை அனுப்பிவிடுவார். கண் விழித்திரையும் சிறுநீரகமும் கால் நரம்பும் ஓசையின்றிக் கெட்டு, ஆண்டுகள் கழித்துக் காலை எடுக்க வேண்டும் என்று சொல்லப்படும்போது, காணொளியும் விளைவும் தொடர்புடையவை என்று எவருக்கும் நினைவிருக்காது. இன்சுலின் ஊசியையே நம்பி வாழும் பிள்ளைக்கோ அவ்வளவு அவகாசமும் இல்லை. நிறுத்திய சில நாட்களிலேயே இரத்தம் அமிலமாகி உயிர் போய்விடும்.

பாட்டிமார் பெற்றார்களே?

இரண்டாவது வாதம் இதைவிடக் கூரியது: "ஆடும் மாடும் மருத்துவமனையிலா ஈனுகின்றன? நம் பாட்டிமார் வீட்டில்தானே பத்துப் பிள்ளை பெற்றார்கள்?" சிலர் மர்யம் (அலை) அவர்கள் பேரீச்ச மரத்தடியில் ஈஸா (அலை) அவர்களை ஈன்றதையும் ஆதாரமாகக் கொண்டுவருகிறார்கள்.

பத்துப் பிள்ளை பெற்று நமக்குக் கதை சொன்ன பாட்டி பிழைத்தவர். முதல் பிரசவத்தில் இறந்துபோனவர் யாருக்கும் பாட்டியாகவில்லை; அவர் கதையைச் சொல்ல அவர் இல்லை. நம் குடும்ப வரலாறுகளைத் துருவிப் பாருங்கள். "அவர் இரண்டாம் தாரத்துப் பிள்ளை", "அவரைப் பெரியம்மா வளர்த்தார்கள்" என்ற சொற்களுக்குப் பின்னால் எத்தனை கபறுகள் இருக்கின்றன! மர்யம் (அலை) அவர்களின் பிரசவமோ தந்தையின்றிப் பிள்ளை பிறந்த அற்புதம். அந்த வேதனையில் அல்லாஹ்வே நீரூற்றும் கனியும் அளித்துத் துணை நின்றான். அற்புதத்தை எவரும் வழிமுறையாக ஆக்கிக்கொள்ள முடியாது. மூஸா (அலை) அவர்களுக்குக் கடல் பிளந்தது என்பதற்காக நாம் கடலில் நடப்பதில்லை.

பிரசவத்தில் என்ன நடக்கிறது என்பதை ஆண்களும் அறிந்திருக்க வேண்டும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. உடலில் இருப்பதே ஏறத்தாழ ஐந்து லிட்டர். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும் அது ஒட்டியிருந்த இடம் திறந்த புண்ணாகிறது. அப்போது கருப்பைத் தசை இறுகிச் சுருங்கி இரத்தக் குழாய்களை நெரித்து மூடுகிறது; இது படைத்தவனின் பேரேற்பாடு. நஞ்சின் ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டாலும், தசை களைத்துப்போனாலும் அந்த இறுக்கம் நிகழாது. இரத்தம் நிற்காது. முற்றிலும் ஆரோக்கியமான பெண்ணுக்கும் எந்த முன்னறிகுறியுமின்றி இது நேரலாம். உலகெங்கும் தாய்மார் பிரசவத்தில் இறப்பதற்கு முதன்மைக் காரணம் இந்த இரத்தப்போக்கே. குழந்தை பிறந்தவுடன் போடும் ஆக்சிடோசின் என்னும் ஓர் ஊசி இதைப் பெருமளவு தடுக்கிறது. அதையும் மீறினால் இரத்தம் ஏற்ற வேண்டும், அறுவைக் கூடம் வேண்டும். அதுவும் உடனே வேண்டும். வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் மாலை நேரத்தில், வீட்டில் இரத்தம் பெருகும் பெண்ணை வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பது என்றால் என்ன என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

2025 ஏப்ரலில் கேரளத்தின் மலப்புறத்தில் ஐந்தாவது பிள்ளையை வீட்டில் பெற்ற 35 வயதுப் பெண் உயிரிழந்தார். யூடியூப்பில் மார்க்கத்தின் பெயரால் பேசிவந்த அவருடைய கணவர் கைது செய்யப்பட்டார். இறந்தவர் நம் சகோதரி. அதே மலப்புறத்தில் 2015, 2016 ஆம் ஆண்டுகளில், தடுப்பூசியால் தடுத்திருக்கக்கூடிய தொண்டை அடைப்பான் நோயில் சிறார் இறந்தார்கள். இங்கே தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டபோது எத்தனை வாட்ஸ்அப் வதந்திகள் நம் வீடுகளில் சுற்றின என்பதை நாம் மறக்கவில்லை.

நம்மை ஏன் எளிதில் பிடிக்கிறார்கள்?

இவ்வகைப் பேச்சாளர்களில் பலர் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆயினும் அவர்கள் சொல்வது நமக்குப் பழகியதுபோல் தோன்றுகிறது. இலுமினாட்டி என்கிறார்கள், நாம் தஜ்ஜாலை நினைக்கிறோம். இயற்கை என்கிறார்கள், நாம் ஃபித்ராவை நினைக்கிறோம். மருந்து வேண்டா என்கிறார்கள். நாம் தவக்குலை நினைக்கிறோம். சிறுபான்மையாக வாழும் சமுதாயத்துக்கு அச்சங்கள் உண்டு; அச்சமுள்ளவனிடம் சதிக்கதை விற்பது எளிது.

தவக்குல் என்பது காரணங்களைக் கைவிடுவது அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள். ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான், எனவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று ஏவியவர்களும் அவர்களே. ஹிஜ்ரி 18 இல் ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் படையுடன் உள்ளே செல்லாமல் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்று பதிலளித்தார்கள். தடுப்பூசிக்கும் மாத்திரைக்கும் இதைவிடச் சிறந்த அகீதா விளக்கம் நமக்குத் தேவையில்லை. மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடாமல் ஹஜ்ஜுக்கே செல்ல இயலாது என்பதையும் நினைவிற்கொள்வோம்.

கருஞ்சீரகம் பற்றிய ஹதீஸை எடுத்துக்கொண்டு, இது ஒன்றே போதும் என்று எண்ணெய் விற்போர் உண்டு. அந்த ஹதீஸ் ஸஹீஹானது. ஆனால் அதன் பொதுவான சொல் குறிப்பிட்ட வகை நோய்களையே கருதியது என்று இமாம் கத்தாபி போன்ற விரிவுரையாளர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விளக்கியிருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்களும் ஸஅத் (ரலி) நோயுற்றபோது, ஸகீஃப் குலத்து மருத்துவரான ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு கூறினார்கள் என்று அபூதாவூதில் காண்கிறோம். வஹீ இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே தொழில் அறிந்தவரிடம் அனுப்பப்பட்டார்கள்!

இன்னொரு ஹதீஸ் இவ்விஷயத்தில் நேரடித் தீர்ப்பாகவே அமைந்திருக்கிறது. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால், விளையும் தீங்குக்கு அவரே பொறுப்பாளி என்பது அதன் கருத்து. அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகியவற்றில் பதிவானது. காழியாகவும் மருத்துவராகவும் விளங்கிய இப்னு ருஷ்த் (ரஹ்) போன்றோர் இதன் அடிப்படையில் இழப்பீட்டுச் சட்டத்தை விரிவாக ஆராய்ந்தனர். தாமே கற்றுக்கொண்டு தாமே மருத்துவராகிவிடுவோரைக் குறித்து ஷரீஅத் 1400 ஆண்டுகளுக்கு முன்பே பேசிவிட்டது. இந்திய நாட்டில் 1954 ஆம் ஆண்டின் மாய மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டம், நீரிழிவு உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. நம் ஃபிக்ஹும் நாட்டின் சட்டமும் இங்கே ஒரே குரலில் பேசுகின்றன.

ரமளானில் நோயாளி நோன்பை விடலாமா என்ற கேள்வி வரும்போது, நேர்மையும் திறமையும் உள்ள மருத்துவரின் கருத்தைக் கேள் என்கிறது ஃபிக்ஹ். ஒரு ஃபர்ளான வணக்கத்தையே தள்ளிவைக்கும் அளவுக்கு மருத்துவரின் சொல்லுக்கு மதிப்பளித்திருக்கிறது நம் மார்க்கம். அந்த இடத்தில் யூடியூப் குரலை அமர்த்துவது மருத்துவத்துக்கு மட்டுமன்று, ஃபிக்ஹுக்கும் செய்யும் அநீதி.

அறிவு வளர்ந்த முறையையும் நம் முன்னோர் நமக்குக் காட்டியிருக்கிறார்கள். இமாம்களின் காலத்தை அடுத்து வாழ்ந்த அபூபக்ர் அர்ராஸீ, மூளைக்காய்ச்சலுக்குக் குருதி எடுப்பது பயன் தருமா என்று அறிய, ஒரு பிரிவு நோயாளிகளுக்கு அதைச் செய்தார். மற்றொரு பிரிவுக்கு வேண்டுமென்றே செய்யாமல் விட்டு இரண்டையும் ஒப்பிட்டார். பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்தறிந்து எழுதினார். இப்னுந் நஃபீஸ், இரத்தம் நுரையீரல் வழியாகச் செல்வதை விளக்கி, ஆயிரம் ஆண்டு மதிப்புப் பெற்ற ஜாலீனூஸின் கருத்தையே மறுத்தார். அவரும் மரபை எதிர்த்தவர்தானே என்று சிலர் கேட்கலாம். ஆம், ஆனால் மரபை முழுதும் கற்றபின் சான்றோடு எதிர்த்தார். கற்காமல் எதிர்ப்பதற்கும் கற்றுத் திருத்துவதற்கும் உள்ள வேறுபாடு, மொழிபெயர்ப்பைப் புரட்டிவிட்டு ஃபத்வா கொடுப்பவருக்கும் முஜ்தஹிதுக்கும் உள்ள வேறுபாடே.

நியாயமான கோபம், தவறான வழி

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பேச வேண்டும். மக்கள் காரணமின்றி மருத்துவமனையை வெறுக்கவில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவை சிகிச்சை. தனியார் மருத்துவமனைகளில் 100க்கு 60ஐத் தாண்டுகிறது. இவை அனைத்தும் தேவையானவைதாமா என்று கேட்பது மக்களின் உரிமை. கேள்விக்கு விடை சொல்லப் பொறுமையில்லாத மருத்துவரும் உண்டு. ஹிஜாபைப் பார்த்து முகம் சுளிப்பவரும் உண்டு. கட்டணம் பார்த்துக் கலங்கும் குடும்பங்கள் நம் மஹல்லாவிலேயே எத்தனை!

ஆனால் கடைக்காரன் எடையில் ஏமாற்றினால் வேறு கடைக்குப் போவோம், மண்ணைத் தின்னமாட்டோம். தேவையில்லாத அறுவை சிகிச்சைக்கு விடை வீட்டுப் பிரசவம் அன்று. இரண்டாவது மருத்துவரின் கருத்தும், அரசு மருத்துவமனையும், ஏன் என்று கேட்கும் துணிவுமே. ஆரம்ப சுகாதார நிலையங்கள் கட்டணமின்றிக் கர்ப்ப காலப் பரிசோதனை செய்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி உண்டு. சிக்கலான பிரசவங்களுக்கு 1844 இல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. தொழிற்சாலையில் பணிபுரியும் நம் சகோதரர்களில் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோரிடமிருந்து ஒவ்வொரு மாதமும் 0.75 சதவீதம் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கப்படுகிறது, நிறுவனம் 3.25 சதவீதம் செலுத்துகிறது. தாம் உழைத்துப் பெற்ற மருத்துவ உரிமையைப் பயன்படுத்தாமல் காணொளியிடம் செல்வது எத்தகைய கைசேதம்! சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வருகின்றன.

ஹயாவைக் காரணம் காட்டும் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெண் மருத்துவரைத் தேடுவது சரியே. கர்ப்பம் தரித்த நாள் முதல் அதற்குத் திட்டமிடலாம். பெண் மருத்துவர் கிடைக்காத நெருக்கடியில் ஆண் மருத்துவர் தேவையான அளவுக்குப் பார்ப்பதைச் சட்டமேதைகள் அனுமதித்திருக்கிறார்கள். பிரசவத்தில் இறக்கும் பெண் ஷஹீதின் நன்மையைப் பெறுகிறார் என்பது உண்மை. அது இழந்தவர்களுக்கு அல்லாஹ் அளித்த ஆறுதல். அலட்சியம் செய்த கணவருக்கு அளிக்கப்பட்ட அனுமதிச் சீட்டு அன்று. மனைவியின் உயிர் அவர் கையில் அமானத். அதைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

ஜோதிடர்களைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, ஒரு மெய்யோடு நூறு பொய்களைக் கலக்கிறார்கள் என்று விளக்கினார்கள். மென்று உண்ணுங்கள், நேரத்தில் உறங்குங்கள், கோபத்தை அடக்குங்கள் என்பவை மெய். அந்த மெய்யை நம்பி வாசலைத் திறக்கும்போது பொய்களும் கூடவே நுழைந்துவிடுகின்றன. ஆகவே ஒரு காணொளியை அனுப்புமுன் நமக்குள் நான்கு கேள்விகள் கேட்போம். சொல்பவர் இத்துறையை யாரிடம் கற்றார்? எல்லா நோய்க்கும் ஒரே தீர்வு என்கிறாரா? இருக்கும் மருந்தை நிறுத்தச் சொல்கிறாரா? தவறிப்போனால் பொறுப்பேற்க அவர் இருப்பாரா? தீயவன் செய்தி கொண்டுவந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு ஹுஜுராத் அத்தியாயத்தில் ஏவப்பட்டிருக்கிறோம். அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்தக்கூடாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் பணி உண்டு. மஹல்லாவில் எத்தனை கர்ப்பிணிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இரவில் வாகனம் உண்டா, துணைக்குப் பெண் உண்டா என்று அறிந்து வைத்திருப்பது பள்ளிவாசலுக்கு வண்ணம் பூசுவதைவிட முந்திய கடமை. நம் சமுதாயத்துப் பெண் மருத்துவர்களையும் செவிலியர்களையும் அழைத்து ஆண்டில் இரண்டு முறையேனும் பெண்களின் ஐயங்களைக் கேட்கச் செய்யலாம். ஆலிம்கள் ஜும்ஆ மேடையில் இதைப் பேச வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்து பற்றி நம் மக்களிடையே வதந்தி பரவியபோது, அதை உடைப்பதில் உலமாக்களின் குரலுக்குப் பெரும் பங்கு இருந்தது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டு வகைப் போலியோவால் ஒரு பிள்ளையும் முடமாகவில்லை. 2014 மார்ச்சில் அதற்கான சான்றும் கிடைத்தது. மிம்பரின் குரல் உயிர் காக்கும். அதன் மௌனம் உயிரைப் பறிக்கவும் கூடும்.

இறுதியாக, நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் ஒரு நாளை நினைவூட்டுகிறோம். அவர்களின் பிஞ்சு மகன் இப்ராஹீம் (ரலி) மறைந்த அன்று சூரிய கிரகணம் உண்டாயிற்று. இப்ராஹீமின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினார்கள். துயரத்தில் இருந்த ஒரு தந்தைக்கு அது ஆறுதலான பேச்சு. ஒரு தலைவருக்குப் பெருமை சேர்க்கும் பேச்சு. மௌனமாக இருந்திருந்தாலே போதும், மக்களின் பக்தி இன்னும் பெருகியிருக்கும். ஆனால் அவர்கள், சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். தமக்குச் சாதகமான பொய்யையும் தங்கவிடாத நபியின் உம்மத் நாம். நமக்கு இனிக்கிறது என்பதற்காக ஒரு பொய்யை நம் பிள்ளைகளின் உடலில் சோதித்துப் பார்க்க நமக்கு உரிமை இல்லை.

யா அல்லாஹ்! பயனுள்ள அறிவை எங்களுக்கு அதிகமாக்குவாயாக. பயனற்ற அறிவிலிருந்து எங்களைக் காப்பாயாக. எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், கருவுற்ற எங்கள் பெண்களுக்கு இலகுவையும், எங்கள் நாவுகளுக்கும் விரல்களுக்கும் பேணுதலையும் தந்தருள்வாயாக. ஆமீன்.